காலரியல்

மகளிர் தொண்டு அமைப்புகளின் தலைமை மரபை ஆராயப் புகுந்தவர்கள் பெரும்பாலும் சேவையிலிருந்து தொடங்கி வழி தவறிவிடுகிறார்கள். கண் சிகிச்சை முகாம் எத்தனை, தையல் இயந்திரம் எத்தனை என்று எண்ணிக்கொண்டு போனால் தலைமை எங்கே இருக்கிறது என்பது கடைசிவரை பிடிபடாது. அது கழுத்தில் இருக்கிறது. இன்னர் வீல் கிளப் ஒன்றின் தலைவர் முக்கியக் கூட்டங்களில் தோளிலிருந்து மார்புவரை இறங்கும் பட்டை ஒன்றை அணிந்திருப்பார். நுனியில் பதக்கம் தொங்கும். இருபுறமும் இதற்கு முன் அதை அணிந்தவர்களின் பெயர் பொறித்த சிறு தகடுகள் வரிசையாக ஏறிப் போகும். இதற்குக் காலர் என்று பெயர். காலரை அணிந்திருப்பவர் தலைவர். அணியப் போகிறவர் துணைத் தலைவர். அணிந்து கழற்றியவர் முன்னாள் தலைவர். மூன்றிலும் சேராதவர் சந்தா கட்டுகிறவர். இந்த நான்கு வகைக்குள் அடங்காத மனித உயிர் இன்னர் வீலில் இல்லை.

இனி வரலாறு. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ரோட்டரியைத் தொடங்கினார். அப்போது ஆண்கள் மட்டுமே சேர முடியும். ஊருக்கு நல்லது செய்வது, நட்பு வளர்ப்பது, அதற்கிடையில் ஒரு வேளை சாப்பிடுவது என்ற அளவில் திட்டம் எளிமையானது, வேகமாகப் பரவியது. சென்னைக்கு 1929இல் வந்து சேர்ந்தது. மனைவியருக்கு இதில் என்ன இடம் என்ற கேள்விக்கு முதல் விடை ரயிலில் கிடைத்தது. 1914இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன ரோட்டரி ரயிலில் ப்ரன்னியர் என்ற உறுப்பினர் தம் மனைவியையும் அழைத்துப் போனார். ரயிலில் அவர் ஒருவர்தான் பெண். அவர் பெயர் ஆன். உடன் வந்த ஆண்கள் அவருக்கு ‘ரோட்டரி ஆன்’ என்று பட்டம் கட்டினார்கள். அன்றுமுதல் உலகத்து ரோட்டரி மனைவியர் அனைவரும் ஆன் ஆனார்கள். தமிழ்நாட்டில் அச்சாகும் அழைப்பிதழ்களில் மீனாட்சி ஆன் மீனாட்சியாகவும் கோமதி ஆன் கோமதியாகவும் வருவதையும், பிள்ளைகள் ஆனெட் என்று குறிக்கப்படுவதையும் காணலாம். ரயிலில் போனவர் பெயர் ரயிலில் போகாதவர்களுக்கு ஆகி வருவது இலக்கணத்தில் எவ்வகை ஆகுபெயர் என்பதைப் புலவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது விடையைச் சொன்னவர் மார்கரெட் கோல்டிங். வேல்ஸ் நாட்டில் ஹே என்ற ஊரில் 1881இல் பிறந்தவர். செவிலியராகப் பயிற்சி பெற்றவர், பிறகு தொழில் நடத்தியவர். கணவர் மான்செஸ்டர் ரோட்டரியில் உறுப்பினர். 1923 நவம்பர் 15 அன்று ரோட்டரிக்காரர்களின் மனைவியரை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். 27 பேர் வந்தார்கள். கூடிய இடம் செயின்ட் மேரி தெருவில் இருந்த ஹெரியட்ஸ் என்ற துருக்கியக் குளியல் கூடம். இந்த இடத்தேர்வுக்குப் பலவாறு உரை சொல்லலாம். வாடகை குறைவு என்பது ஓர் உரை. கணவன்மார் பாதிக் கூட்டத்தில் எட்டிப் பார்த்து, “என்ன, முடியலையா?” என்று கேட்க முடியாத இடம் என்பது இன்னோர் உரை. அனுபவத்தோடு ஒத்துவருவதால் இரண்டாவதையே கொள்க. 1924 ஜனவரி 10 அன்று முறைப்படியான முதல் கூட்டம் நடந்தது. ஆண்டுதோறும் அந்த நாளைத்தான் இன்னர் வீல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ரோட்டரியின் சின்னம் பற்சக்கரம். அதற்குள் இருக்கும் சின்னச் சக்கரம் இன்னர் வீல். பெரிய சக்கரத்தின் உள்ளே அடங்கியிருப்பதாக ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இடம் கிடைத்திருக்காது.

நிறுவனரின் பெயரே பழைய ஆவணங்களில் ‘திருமதி ஆலிவர் கோல்டிங்’ என்றுதான் காணப்படுகிறது. ஆலிவர் என்பது கணவர் பெயர். உலகத்தின் மிகப் பெரிய மகளிர் தொண்டு அமைப்புகளுள் ஒன்றை நிறுவியவர் ஒரு ஆலிவர் என்று பின்னாளில் எவரேனும் ஆய்வேடு எழுதினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 1934இல் பிரிட்டன், அயர்லாந்துக் கிளப்புகள் ஒரு சங்கமாகச் சேர்ந்தன. இந்தியாவின் முதல் கிளப் 1955இல் அகமதாபாத்தில் வந்தது. 1967இல் சர்வதேச இன்னர் வீல் அமைந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். நியூயார்க், ஜெனீவா, வியன்னா ஆகிய இடங்களில் ஐ.நா. சபைக்கு இவர்களுடைய பிரதிநிதிகள் உண்டு. நட்பு, தனிமனிதச் சேவை, பன்னாட்டு நல்லுறவு என்பவை மூன்று குறிக்கோள்கள். மூன்றில் முதலாவதுதான் கடினம் என்பதை எந்த முன்னாள் செயலாளரும் ஒப்புக்கொள்வார்.

தலைமை மரபின் அடித்தளம் காலண்டர். இன்னர் வீல் ஆண்டு ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் இறக்கிறது. இது ரோட்டரியிடமிருந்து வந்த சீதனம். ரோட்டரிக்கு இதைக் கொடுத்தவர்கள் முனிவர்களோ மன்னர்களோ அல்லர், கணக்குத் தணிக்கையாளர்கள். ஜூன் 30இல் கணக்கை முடித்தால் மாநாட்டுக்கு வசதி என்று அவர்கள் சொன்ன யோசனை, நூறாண்டு கழித்துத் திண்டுக்கல்லிலும் தூத்துக்குடியிலும் யார் எப்போது பதவி இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சோழர் காலத்திலேயே குடவோலை கண்ட நமக்கு இது வியப்பில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டும் ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவனை வாரியத்துக்குள் விடாதே என்றுதான் சொல்கிறது.

ஆனால் மான்செஸ்டரும் சிகாகோவும் அறியாத ஒரு சிக்கல் தமிழ்நாட்டில் உண்டு. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. ஆடியில் புதுப் பதவி ஏற்கலாமா? சர்வதேச விதிநூல் இதுபற்றி மௌனம் சாதிக்கிறது. சேவைக்கு ஆடி, ஆனி கிடையாது என்பார் ஒரு சாரார். அவர்களே தங்கள் பதவியேற்பை ஆனியிலேயே ஹால் பிடித்து முடித்துக்கொள்வதால் அக்கொள்கை வலுவிழக்கிறது. ஆகவே ஜூலை 1க்கும் ஆடி 1க்கும் இடைப்பட்ட சுமார் இரண்டு வாரத்துக்குள் ஊரிலுள்ள எல்லா ரோட்டரி, லயன்ஸ், இன்னர் வீல் கிளப்புகளும் பதவியேற்றாக வேண்டும். நல்ல ஹால் கிடைப்பதில்லை. மாவட்டப் பொறுப்பாளர்கள் ஒரே மாலையில் இரண்டு ஊரில் காலர் மாட்டிவிட்டு மூன்றாம் ஊரில் சாப்பிடுகிறார்கள்.

பதவியேற்பு விழாவைச் சற்று விரிவாகக் காண்போம். சடங்கின் முழு இலக்கணமும் அங்குதான் கிடைக்கிறது. அழைப்பிதழில் மாலை 6 மணி என்றிருக்கும். 6 மணிக்கு மேடையில் பூங்கொத்தும், மைக்கை “ஹலோ, செக், செக்” என்று சோதிக்கும் ஒரு பையனும் இருப்பர். 7 மணிக்கு மணி அடித்துக் கூட்டம் தொடங்கும். இந்த மணிக்கு முன்னால் பேசியது பேச்சு, பின்னால் பேசுவது நடவடிக்கைக் குறிப்பு. இறைவணக்கம், தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு. விளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்ற ஐந்து பேர் அழைக்கப்படுவர். ஏழு பேர் வருவர். கடைசி இருவரும் ஏற்கெனவே எரிகிற திரியில் மெழுகுவத்தியைக் காட்டிவிட்டு, படம் எடுக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டு இறங்குவர்.

அடுத்து விளித்தல். இதுவே விழாவின் மிக நீண்ட பகுதி. மேடையில் இருப்போரையும் முன்வரிசையில் இருப்போரையும் பதவி வரிசைப்படி, அடைமொழியோடு, ஒருவர் விடாமல் பெயர் சொல்லி வணங்க வேண்டும். மாவட்டச் சேர்மன், பி.டி.சி. எனப்படும் முன்னாள் மாவட்டச் சேர்மன்கள், மாவட்டச் செயலாளர், பொருளாளர், ஐ.எஸ்.ஓ. எனப்படும் பன்னாட்டுச் சேவை அமைப்பாளர், எடிட்டர், சார்ட்டர் பிரசிடென்ட், பி.பி.க்கள் எனப்படும் முன்னாள் தலைவர்கள், பிறகு சபையோர். முதலில் பேசுகிறவர் இந்த வரிசையைச் சொல்லிவிட்டால் பிறகு வருகிறவர்கள் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு விதி இருக்கிறது. இரண்டாவது பேச்சாளர் அந்த விதியை நினைவூட்டுவார். நினைவூட்டிவிட்டு, “இருந்தாலும் ஒருமுறை…” என்று முதலிலிருந்து தொடங்குவார். இதில் தவறில்லை. முதல் பேச்சாளர் ஒரு பி.டி.சி.யின் பெயரை விட்டுவிட்டார் என்பதை இவர் கவனித்திருக்கிறார், அந்த பி.டி.சி.யும் கவனித்திருக்கிறார், இவர் கவனித்ததையும் அவர் கவனித்திருக்கிறார். ஒரு பெயர் விடுபட்டதால் மூன்றாண்டு பேசாமல் இருந்தவர்கள் உண்டு. நட்பு என்ற முதல் குறிக்கோள் கடினமானது என்று மேலே சொன்னது இதனால்தான்.

செயலாளர் அறிக்கை வாசித்த பிறகு காலர் மாற்றம். பழைய தலைவர் தம் காலரைக் கழற்றிப் புதிய தலைவர் கழுத்தில் போட வேண்டும். உலகம் முழுவதும் இது எளிய செயல். பட்டுப்புடவை உடுத்தி, மல்லிகைச் சரம் வைத்து, ஜிமிக்கி போட்ட ஒரு தலையிலிருந்து அப்படியே இன்னொரு தலைக்கு அதை மாற்றுவது எளிதன்று. தகடு ஜிமிக்கியில் மாட்டும். பதக்கம் ஆரத்தில் சிக்கும். இரண்டு பி.பி.க்கள் உதவிக்கு எழுந்து வருவர். கைதட்டல் தொடங்கி, ஓய்ந்து, மீண்டும் தொடங்கும். இதற்கிடையே சுமார் அரை நிமிடம் காலர் யார் கழுத்திலும் முழுமையாக இராது. அரசியல் சட்ட அறிஞர்கள் ஆராய வேண்டிய நேரம் அதுதான். அந்த அரை நிமிடத்தில் கிளப்புக்குத் தலைவர் யார்? எனக்குத் தெரிந்தவரை, மைக் வைத்திருப்பவர்.

காலர் ஏறியதும் ஏற்புரை. அதில் கணவருக்கு நன்றி சொல்லப்படும். கணவர் ரோட்டரிக்காரர். கடைசி வரிசையில் மனைவியின் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். எழுந்து நிற்கச் சொல்வார்கள், நிற்பார், தட்டுவார்கள், உட்காருவார். இதே மனிதர் அடுத்த வாரம் தம் ரோட்டரி விழாவில் மேடையில் இருப்பார். அங்கே மனைவி எழுந்து நிற்பார். பிறகு சிறப்பு விருந்தினரைப் பற்றிய அறிமுகம், சிறப்புரை, பொன்னாடை, மெமெண்டோ, நன்றியுரை, தேசிய கீதம். அதன் பின் ஃபெல்லோஷிப். நிகழ்ச்சி நிரலில் ஃபெல்லோஷிப் என்று அச்சிட்டிருப்பது இரவுச் சாப்பாடு. மினி இட்லியும் பனீர் பட்டர் மசாலாவும் ஒரே தட்டில் சந்திக்கும் பன்னாட்டு நல்லுறவு அங்கேதான் நிகழ்கிறது.

காலருக்கு உரியவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பது அடுத்த ஆய்வு. நடவடிக்கைக் குறிப்பேட்டில் ‘ஏகமனதாக’ என்று ஒரு சொல் இருக்கும். அச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது தொலைபேசி.

“அக்கா, அடுத்த வருஷம் நீங்கதான் எடுத்துக்கணும்.”

“ஐயோ, என்னால முடியாதும்மா. பையன் பிளஸ் டூ.”

“பேரு மட்டும் குடுங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

“அவர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேனே.”

இது மறுப்பன்று. மூன்று முறை மறுக்காமல் தலைமையை ஏற்பது இங்கே அவையடக்கக் குறைவாகக் கருதப்படும். முதல் அழைப்பிலேயே “சரி” என்று சொன்ன ஒருவரை அந்தக் கிளப் ஓராண்டு முழுவதும் சந்தேகத்தோடு கவனிக்கும். அவரிடம் கேட்க வேண்டிய ‘அவர்’ விஷயத்தை ரோட்டரிக் கூட்டத்தில் முந்தின வாரமே கேள்விப்பட்டிருப்பார். ஆனாலும் கேட்டது போலவும், அவர் யோசித்தது போலவும் இரண்டு நாள் இடைவெளி விடப்படும். “மத்ததெல்லாம் பாத்துக்கறோம்” என்ற வாக்குறுதியில் வந்த ‘நாங்கள்’ யார் என்று ஜூலை இரண்டாம் வாரம் தேடினால் செயலாளர் ஒருவர் மட்டும் அகப்படுவார். பொருளாளர் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருப்பார்.

மாவட்ட நிலையில் இந்த அடக்கம் செல்லாது. அங்கே பதவிக்குப் போட்டி உண்டு. கிளப்புகளுக்கு வாக்கு உண்டு. ஆகவே, ஆறு மாதமாகப் பேசாத ஒருவரிடமிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு ‘குட் மார்னிங்’ வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கினால் மாவட்டத் தேர்தல் நெருங்குகிறது என்று அறிக.

பதவி ஏற்ற கிளப் தலைவருக்குத் தம் சொந்தக் கொள்கை எதையும் உருவாக்கும் சிரமம் கிடையாது. ஆண்டின் முழக்கத்தைச் சர்வதேசத் தலைவர் கொடுத்துவிடுகிறார். 2021-22க்கு ‘பிங்க் ஃபர்ஸ்ட்’. 2022-23க்கு ‘ஒர்க் வொண்டர்ஸ்’. 2023-24க்கு ‘ஷைன் எ லைட்’. இவற்றுள் தமிழ்நாட்டுக் கிளப்புகளுக்கு மிகத் தெளிவாக விளங்கியது முதலாவது. என்ன செய்ய வேண்டும் என்பதில் ஐயம் இருந்தாலும் என்ன நிறத்தில் புடவை எடுக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. அடுத்த ஆண்டு அதிசயங்கள் செய்யச் சொன்னார்கள், நிறம் சொல்லவில்லை. செயற்குழு இரண்டு முறை கூட வேண்டியதாயிற்று.

ஆண்டின் உச்சம் மாவட்டச் சேர்மனின் அதிகாரபூர்வ வருகை. டி.சி. விசிட் என்பார்கள். அன்று கணக்குப் புத்தகம், குறிப்பேடு, சந்தா நிலுவை எல்லாம் பார்க்கப்படும். அன்று காலையே திட்டங்களும் தொடங்கி வைக்கப்பட வேண்டும். ஆகவே, ஆண்டு முழுவதும் பரவியிருக்க வேண்டிய தருமம் ஒரே முற்பகலில் குவிகிறது. ஒன்பதரைக்கு அரசுப் பள்ளியில் கழிப்பறைக் கதவு, பத்தேகாலுக்கு முதியோர் இல்லத்தில் அரிசி, பதினொன்றுக்கு மரக்கன்று, பதினொன்றரைக்குத் தையல் இயந்திரம். தையல் இயந்திரம் வழங்கும் படத்தை எந்தக் கிளப்பின் புல்லட்டினிலும் காணலாம். இயந்திரம் ஒன்று. அதன்மேல் கைகள் ஒன்பது. பயனாளி படத்தின் வலது ஓரத்தில் பாதியாக இருப்பார்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படம் எடுத்து முடிந்ததும் ஒன்பது கைகளும் போய்விடுகின்றன. இயந்திரம் அங்கேயே இருக்கிறது. மறுநாள் அதில் பிளவுஸ் தைக்கப்படுகிறது. கழிப்பறைக் கதவும் அப்படியே. பெண்கள் படிக்கும் பள்ளியில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட ஒரு கோப்பு எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று அறிந்தவர்கள், டி.சி. விசிட்டுக்குப் பயந்து நான்கே நாளில் தச்சரைப் பிடித்து மாட்டிவிடும் ஒரு தலைவரை எளிதாகக் கேலி செய்ய மாட்டார்கள். அந்த வேகத்துக்குக் காரணம் கருணை மட்டுமன்று. ஜூன் 30. அதற்குள் செய்தது அவர் பெயரில், அதற்குப் பின் செய்தது அடுத்தவர் பெயரில். மனித இயல்பை இவ்வளவு துல்லியமாக ஒரு நாள்காட்டித் தாளில் கட்டிவைத்த இன்னோர் அமைப்பை நான் அறியேன்.

ஜூன் 30 நள்ளிரவில் தலைவர் ஐ.பி.பி. ஆகிறார். அண்மை முன்னாள் தலைவர். பதவியில் இல்லை என்பதையே பதவியாகக் கொண்டு செயற்குழுவில் உட்காருபவர். இவர் கடமை புதியவருக்கு வழிகாட்டுவது. “போன வருஷம் நாங்க இப்படிச் செய்யல” என்ற சொற்றொடரால் அவர் வழிகாட்டுகிறார். அடுத்த ஜூலையில் அவரும் ஐ.பி.பி. பட்டத்தை இழந்து சாதாரண பி.பி. ஆவார். அதன்பின் இறக்கமில்லை. பி.பி. என்ற பட்டம் ஆயுளுக்கும் உரியது. முனைவர் பட்டத்தைக்கூட ரத்து செய்ய வழியிருக்கிறது. நடந்துபோன ஓராண்டை ரத்து செய்ய யாராலும் முடியாது.

இதிலிருந்து ஒரு கணிதச் சிக்கல் பிறக்கிறது. 30 உறுப்பினர் கொண்ட கிளப் ஒன்று, வயது 25 என்று வைத்துக்கொள்வோம். 25 தலைவர்கள் ஆகியிருக்கிறார்கள். மகனோடு பெங்களூர் போனவர், விலகியவர், காலமானவர் என்று பத்துப் பேரைக் கழித்தாலும் பாதிப் பேர் முன்னாள் தலைவர்கள். இன்னும் பதினைந்து ஆண்டு போனால் புதிய உறுப்பினர் சேராத கிளப்பில் எல்லோரும் முன்னாள் தலைவர்கள். ஆளப்படுவதற்கு ஆளே இல்லாத குடியரசு அது. அரிஸ்டாட்டில் நல்ல குடிமகனுக்கு ஆளவும் ஆளப்படவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினார். ஆண்டு முடித்த பிறகு மற்றவர்களுக்கு மினிட்ஸ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர் எழுதவில்லை. இன்னர் வீலில் அதுவும் நடக்கிறது. ஒருமுறை காலர் அணிந்தவர் நான்கு ஆண்டு கழித்துப் பொருளாளராக வந்து ரசீது கிழிக்கிறார். மேலேறியவர் கீழிறங்கி வேலை செய்யும் இந்த வழக்கத்துக்கு நம் பொதுவாழ்வில் உவமை தேடினேன். கிடைக்கவில்லை.

கிடைக்காததன் காரணத்தை ஒப்பீட்டால் விளக்கலாம். திராவிட முன்னேற்றக் கழகம் 1949இல் தொடங்கியபோது தலைவர் நாற்காலி பெரியாருக்காகக் காலியாக வைக்கப்பட்டது. 20 ஆண்டு காலியாகவே இருந்தது. 1969இல் கருணாநிதி அதில் அமர்ந்தார். 2018இல் அவர் மறையும்வரை 49 ஆண்டுகள் வேறொருவர் அமரவில்லை. அதே காலத்தில் ஓர் இன்னர் வீல் கிளப் 49 தலைவர்களை உண்டாக்கி, அவர்களில் 48 பேரை முன்னாள் ஆக்கியிருக்கும். அனைத்திந்திய அண்ணா தி.மு.க.வின் பொதுக்குழு 2017இல் ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று தீர்மானித்தது. நிரந்தரம் 2023வரை இருந்தது. அந்த ஆண்டு எடப்பாடி பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளரானார். இங்கும் ஏகமனது என்பதைக் கவனிக்க. பையன் பிளஸ் டூ என்று எவரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

மகளிர் அமைப்புகள் எல்லாமே ஓராண்டு விதியைக் கொண்டவை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1938இல் போருக்கு முன்னேற்பாடாகப் பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பைத் தொடங்கியவர் ஸ்டெல்லா ரெடிங். இளவயதில் டெல்லியில் வைஸ்ராய் மனைவிக்குச் செயலாளராக இருந்து, பின்னாளில் அதே வைஸ்ராயின் இரண்டாம் மனைவியானவர். பத்து லட்சம் பெண்கள் அவர் தலைமையில் டீ ஆற்றினார்கள், குழந்தைகளை நகரங்களிலிருந்து பத்திரமாக வெளியேற்றினார்கள், காலுறை பின்னினார்கள். தேர்தலும் இல்லை, காலரும் இல்லை. 1971இல் இறக்கும்வரை, 33 ஆண்டுகள், அவரே தலைவர். பணி பிரமாதமாகத்தான் நடந்தது. நம் நாட்டில் 1966இல் தொடங்கிய ராணுவ வீரர் மனைவியர் நலச் சங்கத்தில் வேறு முறை. ராணுவத் தளபதியின் மனைவியே தலைவர். தளபதி ஓய்வுபெறும் அன்று மனைவியும் ஓய்வுபெறுகிறார். இதில் தொலைபேசிச் செலவு மிச்சம். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் இன்னர் வீலின் முறைதான் அதிகச் சச்சரவும் அதிகச் சாப்பாடும் கொண்டது. அதுவே சிறந்தது என்பது என் துணிபு. 33 ஆண்டு ஒருவர் நன்றாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்யத் தெரியாது. மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஒரு பெண்ணை ஓராண்டுக்கு மேடையில் நிறுத்தி, கணக்குக் காட்டவைத்து, கலெக்டர் அலுவலகத்துக்கு அனுமதி வாங்க அனுப்பினால், அடுத்த ஜூலையில் வேறொரு ஆள் இறங்கி வருகிறார். அதன் பிறகு வீட்டிலும் அவர் பேச்சு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். கணவர் பழகிக்கொள்கிறார்.

இன்னர் வீல் விரைவில் மறைந்துவிடும் என்று ஒருகாலத்தில் கணிக்கப்பட்டது. அதற்குக் காரணம் கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூர். அவ்வூர் ரோட்டரி 1977இல் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. தலைமையகம் அந்தக் கிளப்பையே நீக்கியது. நீக்கப்பட்டவர்கள் கலையாமல் ‘எக்ஸ் ரோட்டரி கிளப்’ என்று பெயர் வைத்துக்கொண்டு கூடினார்கள். முன்னாள் பட்டத்தின் வலிமையை ஆண்கள் உணர்ந்த சந்தர்ப்பம் அது. வழக்கு மேலே மேலே போய், 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களை விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே சில்வியா விட்லாக் டுவார்ட்டே கிளப்பின் தலைவரானார். 1989இல் ரோட்டரி தன் விதியையே மாற்றியது. சுற்றுச் சக்கரத்துக்குள்ளேயே இடம் கிடைத்துவிட்ட பிறகு உள்சக்கரம் எதற்கு என்று கேட்டார்கள்.

கேட்டவர்கள் காலரைப் பற்றி அறியாதவர்கள். ரோட்டரிக்குப் போனால் வரிசையின் கடைசியில் நின்று மீண்டும் சந்தா கட்டுகிறவராகத் தொடங்க வேண்டும். இங்கே பி.பி.க்கு முன்வரிசை நாற்காலி இருக்கிறது. சிலர் இரண்டிலும் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் இருந்த இடத்தில் இருந்தார்கள். 2012இல் இஸ்தான்புல்லில் கூடிய மாநாட்டில், ரோட்டரி உறவு இல்லாத பெண்களும் அழைப்பின் பேரில் சேர வழி திறக்கப்பட்டது. கணவர் எந்தச் சக்கரத்திலும் இல்லாத பெண்கள் அதன்பின் காலர் அணிந்தார்கள். ரோட்டரியின் உலகத் தலைவராக முதல்முறை ஒரு பெண், கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ், 2022இல்தான் வந்தார். தொடங்கி 117 ஆண்டு ஆகியிருந்தது. இன்னர் வீல் அதற்கு வாழ்த்துச் சொன்னதா என்பதைவிட, அதற்குள் எத்தனை பெண்களைத் தலைவராக்கி இறக்கியிருந்தது என்று கணக்கிடுவது பயனுள்ள வேலை. நூற்றாண்டு மாநாடு 2024இல் மான்செஸ்டரிலேயே நடந்தது. குளியல் கூடத்தில் 27 பேர். நூறாண்டில் ஒரு லட்சம்.

கட்டுரையைப் படித்துவிட்டு நேரில் ஆராய விரும்பும் வாசகர்கள் ஜூலை முதல் இரண்டு வாரத்தில் தங்கள் ஊர் ஹோட்டல் ஹால் எதிலும் நுழையலாம். அழைப்பிதழில் 6 மணி என்றிருந்தால் 7க்குப் போனால் போதும். முன்வரிசையில் உட்கார வேண்டாம், அது பி.பி.க்களுக்கு. விளக்கேற்ற யாராவது அழைத்தால் போகாதீர்கள், திரி மிஞ்சாது. தையல் இயந்திரம் கொடுக்கும் இடத்தில் வலது ஓரத்தில் நிற்கும் பெண்ணுக்கு வழிவிடுங்கள். ஃபெல்லோஷிப் ஒன்பதரை மணிக்கு.